நூற்றுப் பதினான்கு சதவீதக் குணம்

பொன்னம்மாளுக்குக் கை இரண்டு என்பது அரசாங்கத்துக்கு முன்னாலேயே தெரிந்திருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை. அதற்காக அரசாங்கத்தைக் குறை சொல்லவும் முடியாது. அது ஒரு கைக்குத்தான் விண்ணப்பம் வாங்கியிருந்தது.

அம்பாசமுத்திரத்திலிருந்து பரீட்சை எழுதி டில்லிக்கு வந்தவள் பொன்னம்மாள். இருபத்தாறு வருஷமாக ஓர் அமைச்சகத்தில் ஸ்டெனோகிராபர். கிட்வாய் நகரில் குவார்ட்டர்ஸ். ரயில்வேயில் ஹெட் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆன புருஷன் பாலசுப்ரமணியம். குர்கானில் கம்பெனி வேலை பார்க்கும் ஒரே மகள் மாதுரி. எத்தனையோ அதிகாரிகள் வாயால் சொன்னதையெல்லாம் விரலால் அடித்துத் தள்ளியவள் பொன்னம்மாள். டைப்ரைட்டர் போய்க் கம்ப்யூட்டர் வந்த பிறகும் அவள் பழைய அடியைத்தான் அடித்தாள். கீபோர்டுகள் அவளிடம் எட்டு மாதத்துக்கு மேல் உயிரோடு இருந்ததில்லை. கடைசியில் கையும் போயிற்று. 2002 கோடையில் வலது கையின் கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்துவிட்டன. முதலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. பிறகு எறும்பும் போய்விட்டது.

கோல் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த தேசியக் கரநல நிலையத்தில் டாக்டர் கில் அவள் கையைப் பார்த்தார். ஆறடி சர்தார். கையை மட்டும் பூனைக்குட்டியைத் தூக்குகிற மாதிரி மெதுவாகத் தூக்குவார்.

"மணிக்கட்டுல ஒரு சின்னச் சந்து இருக்கு. அது வழியாத்தான் நரம்பு போகுது. சந்து இறுகிப்போச்சு, நரம்பு நசுங்கி வீங்கியிருக்கு. கூரையை அறுத்துவிட்டா நரம்புக்கு மூச்சு வரும்" என்று இந்தியில் சொன்னார். ஆகஸ்டு முதல் வாரம் வலது கைக்கு அறுவை நடந்தது. இருபது நிமிஷம்கூட ஆகவில்லை.

கட்டுப் போட்ட பிறகு அவர் இடது கையையும் கேட்டு வாங்கிப் பார்த்தார். மணிக்கட்டில் விரலால் தட்டினார். நடுவிரல் நுனிவரை சுரீர் என்றது.

"இதுவும் ஆரம்பிச்சாச்சு. வலது ஆறினதும் இதையும் அறுத்துடலாம். ஆறு மாசத்துக்கு மேல தள்ளாதீங்க. தள்ளினா இந்தக் கட்டை விரல் அடியில இருக்கிற சதை கரைஞ்சு போகும். அப்புறம் அறுத்தும் பிரயோஜனம் இல்லை. சமஜ் கயீ?"

பொன்னம்மாளுக்குப் புரிந்தது. பிப்ரவரி என்று மனதுக்குள் குறித்துக்கொண்டாள். அறுப்பதற்கு ஓர் அனுமதி எண் வேண்டும், அதை மாடியில் தருவார்கள் என்றும் டாக்டர் கில் சொன்னார். சொல்லிவிட்டு மறு வாரமே ஆறு மாத டெபுடேஷனில் சண்டிகருக்குப் போய்விட்டார்.

மாடியில் இருந்தது மணிக்கட்டு மீட்சிக் கண்காணிப்புப் பிரிவு. பிரிவு தொடங்கி நாற்பது நாள்தான் ஆகியிருந்தது. அதற்கு முந்தைய மாதம் நிலையத்துக்கு ஓர் அல்ட்ராசவுண்ட் மிஷின் வந்திருந்தது. கர்ப்பிணிகளைப் பார்க்கிற மிஷின்தான். ஆனால் மணிக்கட்டுக்கென்று தனியாக ஒரு முனை பின்னாலேயே வருவதாக இருந்தது. மிஷின் வந்துவிட்டதால் ஒரு பிரிவு வேண்டியிருந்தது, பிரிவு வந்துவிட்டதால் ஒரு விதி வேண்டியிருந்தது. அறுவை செய்த கை குணமாகிவிட்டது என்று ஆறு மாதம் ஸ்கேன் எடுத்து நிரூபித்தால்தான் அடுத்த கைக்கு அனுமதி எண். இதுதான் விதி.

பிரிவின் குமாஸ்தா வெங்கடேஸ்வரன் கும்பகோணத்துக்காரர். பெயரைப் பார்த்ததுமே முகம் மலர்ந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"நம்மவாளா? உக்காருங்கோ மேடம். இதை டைப் பண்ணிக் குடுத்துட்டேள்னா இன்னிக்கே என்ரோல் பண்ணிடறேன். எங்க டைப்பிஸ்ட் லீவு."

பதினோரு பக்கப் படிவம். வலது கையில் கட்டு. பொன்னம்மாள் இடது கையால் மட்டுமே அடித்தாள். இருபத்தேழாவது கட்டத்தில் "மறு கையின் நிலை" என்று கேட்டிருந்தது. பதில் எழுத இரண்டே வழிதான். 'நார்மல்', இல்லையென்றால் 'பொருந்தாது'. வேறு எதையும் எழுத இடம் கிடையாது.

இங்கேதான் அவள் தொழில் அவளைக் கவிழ்த்தது. வெறும் கட்டம் இருந்தால் காகிதம் திரும்பி வரும் என்பது இருபத்தாறு வருஷப் பாடம். 'பொருந்தாது' என்று அடிக்கலாம். ஆனால் கை என்னவோ தோளிலிருந்து தொங்கிக்கொண்டுதான் இருந்தது. இருக்கிற கையைப் பொருந்தாது என்று அரசாங்கத்துக்கு எழுத அவளுக்கு மனம் வரவில்லை. 'நார்மல்' என்று அடித்தாள். அடித்தது மரத்துப்போக ஆரம்பித்திருந்த அந்த இடது கைதான். பதினோரு பக்கத்தில் ஒரு பிழை கிடையாது. வெங்கடேஸ்வரன் காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "லட்டு மாதிரி இருக்கு மேடம்" என்றார். அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பிரிவின் தலைவர் டாக்டர் பட்நாகருக்கு ஒரு சங்கடம் இருந்தது. அறுவைக்கு முன்னால் நரம்பு எவ்வளவு வீங்கியிருந்தது என்று அளந்து வைத்திருந்தால்தான் பின்னால் எவ்வளவு வடிந்தது என்று சொல்ல முடியும். முன்னால் அளக்கவில்லை. அளக்கிற முனை அப்போது சுங்கத்தில் கிடந்தது. அப்படியானால் எதோடு ஒப்பிடுவது? அவர் படிவத்தைப் புரட்டினார். இருபத்தேழாவது கட்டம் கண்ணில் பட்டது.

"இதோ!" என்றார். "கடவுள் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு நார்மல் கையை இலவசமாகக் கொடுத்திருக்கிறார். நார்மல் கையின் நரம்பளவை, அறுத்த கையின் நரம்பளவால் வகுங்கள். நூறால் பெருக்குங்கள். குணத்தின் சதவீதம் வந்துவிடும்."

செப்டம்பரில் முதல் ஸ்கேன். மிஷினை ஓட்டியவள் கம்லேஷ் என்ற ரோத்தக்குக்காரி. மகனுக்கு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தவள் ஊசிகளைக் காதோரம் செருகிவிட்டு, மணிக்கட்டில் ஜில்லென்று ஒரு பசையைத் தடவி முனையை வைத்தாள். திரையில் கறுப்பும் வெளுப்புமாக என்னவோ நெளிந்தது. அதன் நடுவில் கொய்யாவைக் குறுக்கே வெட்டியது போல ஒன்று தெரிந்தது. அதுதான் நரம்பு.

"வலது பதினாறு. இடது பதினொண்ணு" என்று கத்தினாள் கம்லேஷ். சதுர மில்லிமீட்டர் கணக்கு. வெங்கடேஸ்வரன் வகுத்தார். அறுபத்தொன்பது சதவீதம்.

"ஒரே மாசத்துல அறுபத்தொம்போதா!" என்று வீட்டில் பாலசுப்ரமணியம் வாயைப் பிளந்தார். முப்பத்தைந்து வருஷம் பைல்களோடு வாழ்ந்தவர் அவர். எண்ணைப் பார்த்தால் நம்பிவிடுவார். "நான் பி.ஏ.ல வாங்கினதே அம்பத்திரண்டு."

"வலது பரவால்லைங்க. பேனா பிடிக்க வருது. இடதுதான் ஒண்ணும் தெரிய மாட்டேங்கு" என்றாள் பொன்னம்மாள்.

"பொறு. பைல் நகருதுல்லா? நகருத பைலைத் தொடப்பிடாது."

அக்டோபரில் வலது பதினைந்து, இடது பன்னிரண்டு. எண்பது சதவீதம். நவம்பரில் வலது அதே பதினைந்து, இடது பதின்மூன்று. எண்பத்தேழு. வலது கை நின்ற இடத்திலேயே நின்றாலும் சதவீதம் ஏறியது. ஏன் ஏறியது என்று யாரும் கேட்கவில்லை. ஏறுகிற எண்ணை யாரும் எதற்கு என்று கேட்பதில்லை, எந்த அலுவலகத்திலும்.

கம்லேஷ் மட்டும் ஒருநாள் திரையைப் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டாள்: "பெஹன்ஜி, எந்தக் கை நோயாளி?"

"வலது."

"அச்சா. எனக்கென்னமோ இதுதான்னு தோணுது" என்று இடது கையைக் காட்டினாள். பிறகு தோளைக் குலுக்கிக்கொண்டாள். "எனக்கு எதுக்கு வம்பு? எனக்கு அளக்கிற வேலை. பார்க்கிற வேலை டாக்டர் சாப்புக்கு."

டாக்டர் சாப் திரையைப் பார்ப்பதில்லை. அவருக்குச் சதவீதம் தனியாக ஒரு காகிதத்தில் போகும்.

அந்தக் குளிர்காலத்தில் இடது கையில் உணர்வோடு இருந்தது சுண்டு விரலும், மோதிர விரலில் பாதியும்தான். பொன்னம்மாள் சேலை மடிப்பை இடது கையால் பிடித்திருக்கிறோமா விட்டுவிட்டோமா என்று குனிந்து பார்த்துத் தெரிந்துகொண்டாள். சார்ட்டர்ட் பஸ்ஸில் டிக்கெட் விரலிடுக்கில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். குழம்புச் சட்டியை இறக்கும்போது பார்க்கவில்லை. சட்டி உடைந்தது. குழம்பு அடுப்படியெல்லாம் ஓடியது. மாதுரி ஓடி வந்து, "அம்மா, க்யா ஹுவா? ஏன் இப்படி ஃபிரீஸ் ஆகி நிக்கிற?" என்றாள். பொன்னம்மாள் சும்மா நின்றாள். அழுகையோ கோபமோ வந்திருக்க வேண்டும். எதுவும் வரவில்லை. கந்தைத் துணியை எடுத்துத் தரையைத் துடைத்தாள்.

டிசம்பரில் வலது பதினான்கு, இடது பதினான்கு. நூறு சதவீதம்.

பிரிவில் லட்டு கொடுத்தார்கள். பொன்னம்மாள் லட்டை ஓரமாக வைத்துவிட்டு, ஆறு மாதம் ஆகாவிட்டாலும் நூறு வந்தாயிற்றே என்று இடது கைக்கு அனுமதி எண் கேட்டு மனு எழுதிக் கொடுத்தாள். நான்காம் நாள் பதில் வந்தது. அதை அவளிடம் கொடுக்கும்போது வெங்கடேஸ்வரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்ட செய்தி சொல்கிறவர்கள் செய்கிற வேலை அது.

"இடது கை நார்மல்னு ரிக்கார்டுல இருக்கு மேடம். நார்மல் கைக்கு ஆபரேஷன் சாங்ஷன் பண்ணினா ஆடிட்காரன் எங்களைத் தின்னுடுவான்."

"ரிக்கார்டு தப்புய்யா. அன்னைக்கு வேற வழியில்லாம அப்படி அடிச்சேன்."

"அதைத் திருத்தணும்னா டாக்டர் சாப்தான் திருத்தணும். வாங்கோ, நான் அழைச்சுண்டு போறேன்."

டாக்டர் பட்நாகர் அன்பானவர். அவளை உட்காரச் சொன்னார். படிவத்தை வரவழைத்து அவள் முன்னால் விரித்தார்.

"மேடம், இதை அடித்தது யார்?"

"நான்தான்."

"எந்தக் கையால்?"

"இடது கையால."

"ஒரு பிழை இருக்கிறதா பாருங்கள். பதினோரு பக்கம்! நோயுள்ள கை இப்படி அடிக்குமா? நீங்கள் ஏதோ சொல்கிறீர்கள். ஆனால் உங்கள் கையே எழுதிக் கொடுத்திருக்கிறது, தான் நார்மல் என்று. நான் உங்களை நம்புவதா, கையை நம்புவதா?"

அவர் இன்னும் அன்பாகத் தொடர்ந்தார்.

"அது மட்டுமில்லை. இந்த ஆய்வில் உங்கள் இடது கை ஓர் அளவுகோல். துணிக்கடைக்காரன் மீட்டர் கோலை வெட்டிவிட்டால் அப்புறம் எதை வைத்து அளப்பான்? உங்கள் கை தேசத்துக்குப் பயன்படுகிறது. எத்தனை பேருடைய கை அப்படிப் பயன்படுகிறது, சொல்லுங்கள்."

வெளியே வந்ததும் வெங்கடேஸ்வரன் அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். நல்ல மனிதர். விஷயத்தை விளக்காமல் அவரால் இருக்க முடியவில்லை.

"நீங்க சொல்றது எனக்குப் புரியறது மேடம். இடது நார்மல் இல்லேன்னு வெச்சுப்போம். அப்போ அதோட ஒப்பிட்டு வலது குணமாயிடுத்துன்னு சொன்னோமே, அது பொய்யாயிடும். வலது குணமாகலேன்னா, விதிப்படி இடதுக்கு ஆபரேஷன் கிடையாது. சரி, இடது நார்மல்தான்னு வெச்சுப்போம். நார்மல் கைக்கும் ஆபரேஷன் கிடையாது. எப்படிப் பார்த்தாலும்…" என்று டீயை ஓர் உறிஞ்சு உறிஞ்சினார். "விதி ரொம்ப நன்னா எழுதியிருக்கா. எங்கேயும் ஓட்டை இல்லை."

அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார்.

பொன்னம்மாள் விடவில்லை. வேறு ஒரு நார்மல் கையைக் காட்டினால் அளவுகோலை மாற்றலாமா என்று எழுதிக் கேட்டாள். மாற்றலாம், நாற்பது வயது தாண்டிய குடும்ப உறுப்பினராக இருக்க வேண்டும், நிலைய ஊழியராக இருக்கக் கூடாது என்று பதில் வந்தது. ஜனவரி மூடுபனியில் மப்ளரும் குரங்குக் குல்லாயுமாகப் பாலசுப்ரமணியம் புறப்பட்டார். மனைவிக்காகக் கையை நீட்டப் போகிற பெருமிதம் அவர் நடையில் தெரிந்தது.

கம்லேஷ் அளந்தாள். பதினைந்து.

முப்பத்தைந்து வருஷம் ரயில்வேக்காகப் பேனா பிடித்த கை அது. கொஞ்ச நாளாக விடியற்காலையில் மரத்துப்போகிறது, வாயு என்று நினைத்து விட்டுவிட்டதாக அவரே ஒப்புக்கொண்டார். அங்கேயே அவரை நோயாளியாகப் பதிந்து, மார்ச்சு மாதத்துக்குத் தேதியும் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். இந்தப் பதிவுக்கு மட்டும் ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது அவர் கையை மப்ளருக்குள் சுற்றி வைத்துக்கொண்டார். சப்தர்ஜங் தாண்டியதும், "ஒனக்காகப் போனேன், எனக்குக் கெடச்சிட்டு" என்றார். "நான் வேணும்னா அவங்ககிட்ட எழுதிக் குடுக்கட்டா, ஏந் தேதியை ஒனக்குக் குடுத்துருங்கன்னு?"

"ரிசர்வேஷன் டிக்கெட்டா என்ன, மாத்திக் குடுக்க?" என்றாள் பொன்னம்மாள்.

அதே மாதம் அவளுடைய ஐந்தாவது ஸ்கேன் நடந்தது. வலது பதினான்கு. இடது பதினாறு. வெங்கடேஸ்வரன் வகுத்தார். திரும்பவும் வகுத்தார். கால்குலேட்டரைத் தட்டிவிட்டு மறுபடி வகுத்தார். நூற்றுப் பதினான்கு சதவீதம்.

இதற்காக ஒரு குழு கூடியது. ஏழு பேர், சமோசா, மூன்று மணி நேரம். நூற்றுக்கு மேல் குணமாக முடியுமா என்பது கேள்வி. கணக்குத் தப்பாக இருக்கலாம் என்று ஓர் உறுப்பினர் ஆரம்பித்தார். கணக்கு நம் பிரிவுடையது என்று நினைவூட்டியதும் அவர் சமோசாவை எடுத்துக்கொண்டார். மிஷினைச் சந்தேகிக்கலாமா என்று இன்னொருவர் கேட்டார். மிஷினைப் போன மாதம்தான் அமைச்சர் முறைப்படி திறந்து வைத்திருந்தார். ஆகையால் அதையும் சந்தேகிக்க முடியாது. நோயாளியைக் கூப்பிட்டுக் கை எப்படி இருக்கிறது என்று கேட்டால் என்ன என்று ஒருவரும் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது மருத்துவத்தில் பழைய காலத்து முறை.

கடைசியில் டாக்டர் பட்நாகர் எழுந்தார்.

"நண்பர்களே, இயற்கை கொடுத்த கையைவிட நாம் செப்பனிட்ட கை பதினான்கு சதவீதம் மேலானது. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? இலக்கு நூறு. நாம் தாண்டிவிட்டோம். மற்றத் துறைகள் இலக்கைத் தொடவே தவிக்கின்றன."

மேசையைத் தட்டினார்கள். தீர்மானம் நிறைவேறியது. பிப்ரவரி இரண்டாம் வாரம் ஒரு விழா எடுப்பதாகவும், அன்று இணைச் செயலாளர் தலைமை தாங்குவதாகவும், பொன்னம்மாளை மேடையில் நிறுத்துவதாகவும் முடிவாயிற்று. வெங்கடேஸ்வரன் அவளிடம் ரகசியமாகச் சொன்னார்: "விழா முடிஞ்சா ஆய்வு முடிஞ்சுது மேடம். அளவுகோல் விடுதலை. மறுநாளே மனுவைப் போடுங்கோ, நான் கையோட கொண்டு போய் கையெழுத்து வாங்கிடறேன்."

பிப்ரவரி. ஆறாவது மாதம். பொன்னம்மாள் கட்டை விரலின் அடிச்சதையைத் தினமும் காலையில் பார்த்துக்கொண்டிருந்தாள். வலது கையில் அது மேடாக இருந்தது. இடது கையில் மேடு இல்லை. இன்னும் கொஞ்சம் மிச்சம் இருப்பதாக அவளே சொல்லிக்கொண்டாள். விழாவுக்கு அரக்குப் பட்டு கட்டினாள். பின்னைக் குத்த முடியாமல் மாதுரியைக் கூப்பிட்டாள்.

"நீ ஸ்டேஜ்ல சொல்லிடு அம்மா, லெஃப்ட் ஹேண்ட் டீக் நஹீ, சரியா இல்லன்னு. எல்லார் முன்னாடியும் போலோ" என்றாள் மாதுரி பின்னைக் குத்திக்கொண்டே.

"நாளைக்குக் கையெழுத்துப் போடணும்லா அவங்க. இன்னைக்குப் போயி எதுக்கு?"

ஆறாவது ஸ்கேனை விழாவன்று காலையிலேயே எடுத்துவிட்டார்கள். வலது பதினான்கு, இடது பதினெட்டு. நூற்று இருபத்தொன்பது சதவீதம் வந்தது. ஆனால் பேனரில் நூற்றுப் பதினான்கு என்று அச்சடித்தாகிவிட்டது. ஆகையால் ஆறாவது ஸ்கேனைப் பதிய வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

மேடையில் ஆளுயரக் குத்துவிளக்கு. இணைச் செயலாளர் ஒரு திரியை ஏற்றினார். டாக்டர் பட்நாகர் ஒன்று, நிலைய இயக்குநர் ஒன்று, இன்னொரு பெரியவர் ஒன்று. ஐந்தாவது திரிக்கு மெழுகுவர்த்தி பொன்னம்மாளிடம் வந்தது. அதற்குள் அது விரல் நீளத் துண்டாகியிருந்தது. அவள் வலது கையில் வாங்கினாள்.

"வலது கையைக் காமிராவுக்குக் காட்டுங்க! மெழுகுவர்த்தியை இடது கைக்கு மாத்துங்க!" என்று போட்டோகிராபர் கத்தினான். மாற்றினாள். திரியை ஏற்றினாள். வலது உள்ளங்கையை விரித்துக் கூட்டத்துக்குக் காட்டியபடி நின்றாள். இடது கையில் எரிகிற மெழுகுவர்த்தி. அதை எங்கே வைப்பது என்று யாரும் சொல்லவில்லை. அதிகாரிகள் கையில் கொடுத்ததை அவர்கள் சொல்லாமல் கீழே வைக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. டாக்டர் பட்நாகர் மைக்கைப் பிடித்துவிட்டார்.

"மாண்புமிகு தலைவர் அவர்களே! இருபது வருஷமாக நோயாளிகள் வந்து, வலிக்கிறது என்பார்கள், மரத்துவிட்டது என்பார்கள். நாமும் கேட்டுக் கேட்டு ஏமாந்தோம். நோயாளி எதை வேண்டுமானாலும் சொல்லலாம். நரம்பு பொய் சொல்லாது. இந்தக் கருவியால் நமக்குக் கிடைத்திருக்கிற பெரும் நன்மை என்ன? இனிமேல் நோயாளியோடு பேச வேண்டிய அவசியமே இல்லை!"

கைதட்டல். மெழுகு உருகி வழிந்தது. பொன்னம்மாள் எதிரே பார்த்துக்கொண்டு நின்றாள். கூட்டத்தில் புருஷனும் மகளும் எங்கே என்று தேடினாள். மூன்றாவது வரிசையில் இருந்தார்கள். ஏதோ தீய்கிற வாடை வந்தது. மைக்செட் ஒயர் என்று நினைத்தாள். டாக்டர் பட்நாகருக்கும் வாடை எட்டியிருக்க வேண்டும். மூக்கைச் சுளித்துத் திரும்பியவர் அவள் இடது கையைப் பார்த்தார். பார்த்ததும் முகம் பிரகாசமாயிற்று.

"அந்தக் கையைப் பாருங்கள்! ஒரு நடுக்கம் உண்டா? சுடர் விரலைத் தொடுகிறது. அசைகிறதா? இதைத்தான் நாங்கள் அளவுகோலாக எடுத்தோம். நார்மல் கை என்றால் இது!"

அரங்கம் எழுந்து நின்று தட்டியது.

"அம்மா!" என்று மாதுரியின் அலறல் கேட்டது. "ஹாத் ஜல் ரஹா ஹை! கீழ போடு அம்மா, கீழ போடு!"

பொன்னம்மாள் குனிந்து பார்த்தாள். கட்டை விரலும் இரண்டு விரல்களும் சுடருக்குள் இருந்தன. நுனி கறுத்திருந்தது. சுண்டு விரலில் பட்டிருந்தால் கத்தியிருப்பாள். மெழுகுவர்த்தியைப் போட நினைத்தாள். விரல்கள் விரிய நேரமாயிற்று. மாதுரி மேடைமேல் ஏறி அதைப் பிடுங்கி எறிந்தாள்.

கீழே காஷுவால்டியில் விரல்களைக் கழுவி மருந்து போட்டார்கள். பாலசுப்ரமணியம் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"ஏட்டி, வலிக்கா?"

"இல்லங்க."

"கொஞ்சங்கூடவா?"

"இல்லங்கேன்லா."

அவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். வலிக்கிறது என்று அவள் சொல்லியிருந்தால் அழுதிருக்க மாட்டார்.

டாக்டர் கில் சண்டிகரிலிருந்து அதற்கு முந்தைய நாள்தான் திரும்பியிருந்தார். செய்தி கேட்டு வந்தவர் கட்டுப் போடுவதை நிறுத்தச் சொன்னார். அந்தக் கையை மெதுவாகத் தூக்கினார். கட்டை விரலடியை அமுக்கினார். அமுக்க அங்கே சதை இல்லை. தோலும் எலும்பும்தான் இருந்தன. கட்டை விரலைச் சுண்டு விரலுக்குக் கொண்டு போகச் சொன்னார். அது போகவில்லை. அவர் கையைத் தலையணைமேல் திரும்ப வைத்தார்.

"இனிமே அறுத்துப் பிரயோஜனம் இல்லை, மாஜி" என்றார். பிறகு அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆறு மாசத்துக்குள்ள வரச் சொன்னேனே! படிச்சவங்கதானே நீங்க? ஏன் வரலை?"

பொன்னம்மாளுக்கு மாதக்கணக்கில் வராத கோபம் அப்போது வந்தது. ஆனால் வந்த குரல் தாழ்ந்த குரல்தான்.

"வந்தேன் டாக்டர் சாப். மாசாமாசம் வந்தேன். இந்தக் கையையும் கூட்டிட்டுத்தான் வந்தேன். உங்க மிஷின்லதான் வெச்சாங்க. அளந்தாங்க."

டாக்டர் கில் புரியாமல் பார்த்தார். "இதையா? அளந்தாங்களா? எவ்வளவு?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். எண்கள் வரிசையாக நினைவில் இருந்தன.

"எழுதிக்கிடுங்க" என்றாள். "செப்டம்பர் பதினொண்ணு. அக்டோபர் பன்னிரண்டு. நவம்பர் பதிமூணு. டிசம்பர் பதினாலு."

அவர் கேஸ் ஷீட்டின் ஓரத்தில் எழுதிக்கொண்டே வந்தார். டிசம்பரில் அவர் பேனா நின்றுவிட்டது. அவள் கண்ணைத் திறந்து, அவர் மறுபடி எழுத ஆரம்பிக்கும் வரை காத்திருந்தாள்.

"ஜனவரி பதினாறு" என்றாள். "இன்னைக்குக் காலையில பதினெட்டு. அதை யாரும் எழுதலை. நீங்க எழுதுங்க."